கால் இல்லாத படங்கள்

நான் பழைய சாமான் வாங்குகிறவன். பதுளையிலிருந்து சின்ன லொறி ஒன்றில் தேயிலைத் தோட்டங்களுக்குப் போவேன். பசறை, லுணுகலை, மடுல்சீமை என் பக்கம். சில நேரம் அப்புத்தளை, கொஸ்லந்த வரைக்கும் போவதுண்டு. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கிற லயத்துக்கு முன்னால் நிறுத்தி மைக்கைப் போட்டால் ஆட்கள் எடுத்து வருவார்கள். ஓட்டைச் சட்டி, உடைந்த மண்வெட்டி, தேயிலை கவ்வாத்து வெட்டித் தேய்ந்த கத்தி, போத்தல், பேப்பர். இதுதான் தொழில். சின்ன வயதிலேயே பள்ளிக்கூடம் நின்றுவிட்டது.

முதல் கேமரா ஒரு சாக்குக்குள் வந்தது. கறுப்புப் பெட்டி. தட்டினால் தகரச் சத்தம். திறந்தால் உள்ளே ஊசி, நூல், சட்டைப் பொத்தான். கொண்டுவந்த அம்மா அதைத் தையல் பெட்டியாக வைத்திருந்தார்.

“இதுல என்னாங்க இருக்கு, தகரந்தானே. இரும்போட இரும்பாப் போடுங்க” என்றார்.

சாமான்களைப் பிரித்து உடைக்கும்போது சுத்தியலை எடுத்தேன். முன்பக்கத்துக் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. சுத்தியலைக் கீழே வைத்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உடைக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கண் அதையே தேடியது. கொஸ்லந்தப் பக்கம் ஒரு மடக்குக் கேமரா கிடைத்தது. முன்னால் இழுத்தால் தோல் துருத்தி ஒன்று நீளும். அந்த வீட்டுப் பிள்ளைகள் ஆர்மோனியம் என்று இழுத்து இழுத்துத் துருத்தியெல்லாம் ஓட்டை. அப்புத்தளையில் ஒருவர் கேமராவைத் தந்துவிட்டு அதன் தோல் உறையை வைத்துக்கொண்டார். வெற்றிலை வைக்க நல்லதாம். கம்பெனிப் பெயர் எனக்கு வாயில் வராது. பெட்டி, மடக்கு, ரெண்டு கண்ணு என்றுதான் நான் பெயர் வைத்திருக்கிறேன். ரெண்டு கண்ணு என்றால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடி இருப்பது. மேல் கண்ணால் ஆளைப் பார்ப்பது, கீழ்க் கண்ணால் படம் பிடிப்பது. வயிற்றோடு வைத்து, மேலே மூடியைத் திறந்து, குனிந்துதான் பார்க்க வேண்டும்.

வீட்டில் அலுமாரியின் மேல் தட்டு நிறைந்தது. பிறகு நடுத் தட்டு. என் மனைவி ஒரு நாள் சொன்னாள்.

“ஊருல மத்தவ அலுமாரியத் தொறந்தா சேலை விழும். எனக்குக் கேமரா விழுது.”

லயத்தில் கேமரா எப்படி வந்தது என்று கொழும்பு ஆட்கள் கேட்பார்கள். பழைய கேமரா சேர்க்கிற ஒரு ஐயா கொழும்பில் இருக்கிறார். அவரும் முதலில் அதைத்தான் கேட்டார். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் கப்பல் ஏறினார்கள். கொண்டுபோக முடியாததைப் பங்களாவில் வேலை செய்தவர்களுக்குக் கொடுத்தார்கள். சமையல்காரருக்குப் பீங்கான். டிரைவருக்குக் கோட்டு. யாருக்காவது கேமரா. வாங்கினவருக்கு அதை என்ன செய்வதென்று தெரியாது. பெட்டிக்கு அடியில் போட்டார். அவர் செத்தார். பிள்ளைகள் என்னிடம் போட்டார்கள். அநேகமாக எல்லாக் கேமராவும் இந்த வழியில்தான் வந்தது.

ஒன்று மட்டும் அப்படி வரவில்லை.

மடுல்சீமைக்கு மேலே, பஸ் போகாத ஒரு தோட்டத்து டிவிசன். மழை பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் ஒதுங்கினேன். அந்த வீட்டு அக்கா கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். “உள்ள வாங்க தம்பி, சாரல் அடிக்குது” என்றார். உள்ளே போனேன்.

எதிர்ச் சுவரில் ஒரு அம்மாவின் படம். சட்டம் போட்டு, மாலை போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பலகை. பலகையில் ரெண்டு கண்ணுக் கேமரா ஒன்று. அதற்கும் மாலை. இரண்டு கண்ணுக்கும் நடுவில் சந்தனம், குங்குமம். வருசக் கணக்காக வைத்து வைத்துச் சந்தனம் தடித்துப் போயிருந்தது.

ஆயுத பூசைக்கு நம் ஆட்கள் கத்தி, மண்வெட்டி, தையல் மெசின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். என் லொறிக்கும் வைப்பேன். அப்படித்தான் என்று நினைத்தேன்.

“ஆயுத பூசைக்கு வச்சதா அக்கா?”

“இல்ல தம்பி. அது எங்கப்பா.”

நான் திரும்பவும் கேமராவைப் பார்த்தேன். காம்பரா என்கிற அந்த ஒற்றை அறையை இரண்டாக மறித்துத் தொங்கிய சேலைக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது.

“ஆமாங்க. என் மாமனாரு. ரெண்டு கண்ணாலயும் என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு. பொண்டாட்டிய ஒரு வார்த்த ஏச முடியல.”

“பேசாமத் தூங்குங்க” என்றார் அக்கா. “ஃபெக்டரில ராக்காவலுக்குப் போறவரு தம்பி. பகல்லதான் தூக்கம். ஆனா காது தூங்காது.”

தேத்தண்ணி கொடுத்தார். குடித்துக்கொண்டே கேட்டேன். அவரும் சொன்னார்.

அப்பா பங்களாவில் தோட்டக்காரர். பூச்செடி பார்க்கிற வேலை. துரை போகும்போது இந்தக் கேமராவைக் கொடுத்தார். இவர் மற்றவர்களைப் போலப் பெட்டிக்கு அடியில் போடவில்லை. பதுளைக்குப் போய் ஒரு ஸ்டூடியோவில் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையில் லயம் லயமாகப் போய்ப் படம் பிடிப்பார். கல்யாணம், சடங்கு, காது குத்து. பிரஜாவுரிமை இல்லாமல் இந்தியாவுக்குப் போகிற குடும்பங்களுக்குப் பாஸ்போர்ட் படமும் இவர்தான்.

“அப்ப அவரு படம்?”

“அதான் இல்ல. எல்லாருக்கும் அவரு புடிச்சாரு. அவர யாரு புடிக்கிறது? கேமராவ அடுத்தவங்க கையில குடுக்க மாட்டாரு.”

“அடையாள அட்டையில இருக்குமே அக்கா.”

“பிரஜாவுரிமை இருந்தாத்தானே அடையாள அட்டை. அவரு இந்தியாவுக்கும் எழுதிக் குடுக்கல. இங்கயும் கெடைக்கல. அப்படியே போய்ட்டாரு.”

அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. எங்கள் வீட்டிலும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் அப்படிச் செத்துப்போனவர்கள் உண்டு. நானும் தலையை ஆட்டினேன்.

அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு எதையாவது வைக்க வேண்டும். படம் இல்லை. கேமரா இருந்தது. அதை வைத்தார்கள். அதற்கு மாலை போட்டார்கள்.

அந்த நேரம் பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். அக்காவின் நாத்தனார்.

“என்ன அண்ணி, கேமராவ வெல பேச ஆள் வந்திருக்கா?”

“வெலைக்கு இல்ல” என்றார் அக்கா.

“குடுத்துடுங்க அண்ணி. தெவசத்துக்குக் கேமராவுக்குப் படையல் போட்டா ஊரே சிரிக்குது. போன வருசம் எம் மகன் கேக்கிறான், தாத்தாவுக்கு எந்தக் கண்ணுல ஊட்டுறதுன்னு.”

சேலைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்கா சிரிக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். தோட்டத்தில் தனி வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது. தை பிறந்ததும் பால் காய்ச்ச வேண்டும். புது வீட்டுச் சுவரில் அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். பால் காய்ச்ச வருகிற சனம் கேமராவைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

“மகன் கொழும்புல துணிக்கடையில நிக்கிறான். அவன் கம்ப்யூட்டர்ல ஒரு படம் செஞ்சு அனுப்பினான். என்னையும் என் தம்பியையும் பாத்து அதுவே தாத்தா மொகத்தச் செஞ்சுதாம்.”

அரிசி வாளிக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டினார். நீலச் சுவருக்கு முன்னால் கோட்டும் டையும் போட்ட ஒருவர். நல்ல நிறம்.

“மூக்கு என்னுது. நெத்தி என் தம்பியோடது. கோட்டு யாருதோ தெரியாது” என்றார் அக்கா. “இது யாரு தம்பி? தோட்டத்துக் கிளாக்கரு மாதிரி இருக்காரு. நம்ம சம்பளத்துல அரை நாள வெட்டுற மூஞ்சி.”

பிறகு அதைத் திரும்பவும் வாளிக்குப் பின்னால் வைத்தார்.

மழை விட்டது. போவதற்கு முன்னால் கேமராவை ஒரு தரம் பார்க்கலாமா என்று கேட்டேன். கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். கழுவினேன். மாலையை அவரே எடுத்தார். மேல் மூடியைத் திறந்தேன். தேய்ந்த கண்ணாடியில் அந்தக் காம்பரா முழுக்கத் தெரிந்தது. அடுப்பு, கட்டில், அக்கா. ஆனால் இடம் வலம் மாறித் தெரிந்தது. பின் கதவைத் திறந்தேன். உள்ளே பிலிம் இல்லை. சுத்தமாக இருந்தது. சந்தனத்துக்குக் கீழே கம்பெனிப் பெயர் கொஞ்சம் தெரிந்தது. அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

மலை இறங்கிச் சிக்னல் கிடைத்ததும் கொழும்பு ஐயாவுக்கு அனுப்பினேன். உடனே எனக்குப் போன் எடுத்தார்.

“இது எங்க இருக்கு? இது ரெண்டாவது உலகப் போருக்கு முந்தின ஜெர்மன் சாமான். சின்னக் கம்பெனி, சீக்கிரமே மூடிட்டாங்க. இந்த நாட்டுல இன்னொண்ணு நான் பாக்கல. விட்டுடாதீங்க.”

அவருக்காக இல்லை. எனக்கே அது வேண்டும் என்று இருந்தது. அவ்வளவு கேமரா சேர்த்திருக்கிறேன், ஒன்றில்கூட அப்படி உலகம் தெரிந்ததில்லை. என்னிடம் இருப்பதெல்லாம் குருடு. ஒன்றில் கண்ணாடி பூஞ்சணம், ஒன்றில் மூடி இல்லை, ஒன்றில் விசை இறுகிவிட்டது.

அடுத்த கிழமையே போனேன். அக்கா என் முகத்தைப் பார்த்தே விசயத்தைப் புரிந்துகொண்டார்.

“தம்பி, நீங்க எல்லாத் தோட்டத்துக்கும் போறீங்க. எங்கப்பா படம் எங்கயாவது ஒரு வீட்டுல இருக்கும். கூட்டத்துல ஒரு ஓரமா நின்னிருப்பாரு. அதத் தேடிக் கொண்டாங்க. கேமராவ எடுத்துக்கங்க. காசு வேணாம்.”

“கெடைக்கலன்னா?”

“கெடைக்கலன்னா அப்பா இங்கயேதான் இருப்பாரு. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்.”

நான் தேடத் தொடங்கினேன். மைக்கில் போத்தல், பேப்பர் என்று சொல்லி முடித்ததும், மடுல்சீமைத் தோட்டக்காரர் எடுத்த பழைய படம் இருந்தால் காட்டுங்கள், வாங்க மாட்டேன், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்வேன். ஆட்கள் வந்தார்கள். படங்கள் நிறைய இருந்தன. அந்தப் பக்கத்துப் பெண்களைக் கட்டிக்கொடுத்த ஊர்களுக்கெல்லாம் படங்களும் போயிருந்தன.

அவரைத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஒரு கிழவி சொன்னார்.

“வாயால இந்தப் பக்கம் தள்ளுன்னுவாரு, கையி அந்தப் பக்கம் காட்டும். நாங்க நடுவுல நின்னு முட்டிக்குவோம். கடைசில எங்க மாமியா ஏசிப்புட்டா, ஒழுங்கா ஒரு பக்கம் சொல்லுய்யான்னு.”

எனக்கு ஏன் என்று தெரியும். கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிகிறதே. நான் சொல்லவில்லை. அவர் அவ்வளவு சந்தோசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் எந்தப் படத்திலும் அப்பா இல்லை. ஓரத்தில் நிற்கிறவர் யார் என்று கேட்பேன். சித்தப்பா என்பார்கள், பந்தல் போட்டவர் என்பார்கள்.

பார்த்துப் பார்த்து ஒன்று எனக்குத் தட்டுப்பட்டது. எந்தப் படத்திலும் ஆட்களுக்குக் கால் இல்லை. சிலருக்கு முழங்காலோடு நின்றது. சிலருக்குக் கெண்டைக்காலோடு. தோட்டக்காரருக்குப் படம் பிடிக்கத் தெரியவில்லை போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு படத்தைச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்துக் காட்டினார்கள். மேல் ஓரம் நேராக இருந்தது. கீழ் ஓரம் கோணலாக இருந்தது. கத்திரிக்கோலால் வெட்டியது.

அது பசறைக்குப் பக்கத்தில் ஒரு லயம். வீட்டுக்காரர் வயதான ஆள், முன்பு கங்காணியாக இருந்தவர். படத்தில் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்ததும் அவர்தான்.

“ஏன் மாமா காலு வெட்டியிருக்கு?”

“கால வெட்டல தம்பி. நெழல வெட்டினது.”

“என்ன நெழல்?”

“அவரு எப்பவும் சூரியனுக்கு முதுகக் காட்டித்தான் நிப்பாரு. வெயிலு நம்ம மூஞ்சில அடிக்கணுமாம். அப்ப அவரு நெழலு நீண்டு வந்து நம்ம காலடியில விழும். படத்துலயும் விழுந்துரும். பொண்ணு மாப்பிள்ள மேல நெழல் விழுந்த படத்த வீட்டுல மாட்டலாமா? ஆகாதுன்னுவாங்க. அதான் கத்திரிக்கோலு. நெழலோட சேந்து காலும் போச்சு.”

“எல்லாரும் வெட்டினாங்களா?”

“எல்லாருந்தான். பின்ன, படம் கொண்டாந்து குடுக்கும்போது அவரே கேப்பாரு, வெட்டித் தரவான்னு. பையில கத்திரிக்கோல் வச்சிருப்பாரு.”

நான் அந்தப் படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். லொறியில் ஏறி உட்கார்ந்தேன். நான் ஓரத்தில் நிற்கிறவர்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் எல்லாப் படத்திலும் இருந்திருக்கிறார். எல்லாப் படத்திலிருந்தும் அவரை வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வெட்டாத படம் இருக்கிறதா என்று கேட்டேன். ஆட்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். வெட்டாத படத்தை யார் வைத்திருப்பார்கள்? மார்கழி வந்துவிட்டது. மடுல்சீமைக்குப் போகும்போது அக்காவின் லயத்துப் பக்கம் போகாமல் வேறு பாதையால் இறங்கினேன்.

தோட்டத்துக்குக் கீழே சிங்கள ஊர் ஒன்று உண்டு. நாங்கள் நாட்டுப் பக்கம் என்போம். அங்கே ஒரு கடையில் வழக்கமாகப் போத்தல் எடுப்பேன். கடைக்கார நோனா, கடைக்காரம்மா, வயதானவர். தோட்டத்துச் சனங்களோடு வியாபாரம் செய்து தமிழ் பழகியவர். அன்று போத்தல்களைச் சாக்கில் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். கல்லாவுக்கு மேலே ஒரு படம். எத்தனையோ தரம் அந்தக் கடைக்குப் போயிருக்கிறேன். இப்போதுதான் பார்த்தேன்.

அதே கடைக்கு முன்னால் ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும். தலை முதல் கால் வரை முழுசாக நின்றார்கள். அவர்கள் காலடியில் ஒரு நிழல்.

“மல்லி, என்ன பாக்குறது?” என்றார் நோனா. தம்பியைச் சிங்களத்தில் மல்லி என்பார்கள்.

“நோனா, இந்தப் படம் யாரு எடுத்தது?”

“தோட்டத்து பங்களாவில வேல செஞ்ச மனுசன். நான் தான் பொண்ணு. இப்ப தெரியாது தானே.”

“இதுல ஏன் கீழ வெட்டல?”

நோனா சிரித்தார். “அந்த மனுசன் கத்திரிக்கோல் எடுத்தது. நான் சத்தம் போட்டது. செருப்பு இருக்கு தானே. கல்யாணத்துக்கு பதுளையில வாங்கினது. முதல் தரம் செருப்பு போட்டது. செருப்பு தெரியணும், வெட்ட ஏலாது சொன்னது.”

“அவரு என்ன சொன்னாரு?”

“என் நெழல் இருக்கு நோனா, பரவாயில்லையா கேட்டது. இருக்கட்டும் சொன்னது. நெழல் என்ன, சோறா கேக்குது?”

நான் விசயத்தைச் சொன்னேன். படத்தை இரண்டு நாளைக்குத் தரச் சொல்லிக் கேட்டேன்.

“தர ஏலாது” என்றார் நோனா. “எங்க புருசன் மாத்தயாட படம் இது ஒண்ணு தான். படம் போனா நானும் போறது.”

அப்படியே செய்தார். அடுத்த நாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு, படத்தைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, என் லொறியில் முன்சீட்டில் உட்கார்ந்து பதுளைக்கு வந்தார். வழியெல்லாம் வளைவு வரும்போது படத்தைப் பிடித்தார், தன்னைப் பிடித்துக்கொள்ளவில்லை.

ஸ்டூடியோக்காரர் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். பார்த்தார்.

“நல்ல பழைய படம். கீழ நெழல் விழுந்திருக்கு. அத அழிச்சிட்டுக் கிளீன் பண்ணித் தரவா? ஒரு நிமிச வேலை.”

“அழிக்காதீங்க” என்றேன். “நெழல மட்டும் பெருசாக்கித் தாங்க.”

“என்னாது?”

“நெழல் மட்டும்.”

“ஆளுங்க?”

“ஆளுங்க அவங்களுக்கு. நெழல் எனக்கு.”

ஸ்டூடியோக்காரர் நோனாவைப் பார்த்தார். நோனா தலையை ஆட்டினார். “செருப்பு கொஞ்சம் வரட்டும்” என்றார்.

பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்றார். கடை முற்றத்து மண்ணில் ஒரு மனிதனின் நிழல். தலை குனிந்திருந்தது. இரண்டு முழங்கையும் வெளியே நின்றன. நடுவில் கை எங்கே, கேமரா எங்கே என்று தெரியவில்லை. மேல் ஓரத்தில் செருப்புப் போட்ட இரண்டு பாதம். சட்டம் போட்டுக் கொடுத்தார்.

அக்காவின் வீட்டுக்குப் போனபோது அவர் மலையிலிருந்து வந்து துணி மாற்றியிருந்தார். நாத்தனாரும் அங்கேதான் இருந்தார். படத்தைப் பேப்பரோடு கொடுத்தேன். பிரிப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

“அக்கா, மொகம் இல்ல. மொகம் கெடைக்கல. நெழல்தான் இருக்கு. இது வேணாமுன்னா சொல்லுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

பிரித்தார். கதவுப் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்தார். நாத்தனார் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“ஐயோ அண்ணி. நெழல் படத்தையா புது வீட்டுக்குக் கொண்டு போகப் போறீங்க? அதுவும் யாரோ காலடியில தல வச்சுக்கிட்டு. இதுக்குக் கேமராவே தேவல.”

அக்கா படத்தை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். நிழலின் கழுத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். அங்கே ஒரு சின்ன வளைவு இருந்தது. காது என்று நான் நினைத்திருந்தேன்.

“கொட” என்றார்.

“என்ன அக்கா?”

“மழைக்குப் புடிக்கிற கொடை. அதோட வளைஞ்ச பிடி. ரெண்டு கையும் வேணுமுன்னு சட்டைக் காலர்ல பின்னால மாட்டிக்குவாரு. அப்படியேதான் படம் புடிப்பாரு. வீட்டுக்கு வந்தும் எடுக்க மறந்துருவாரு. சோறு திங்கும்போது அம்மா வந்து எடுத்து வைப்பாங்க.”

சேலைக்குப் பின்னால் கட்டில் சத்தம் கேட்டது. அக்காவின் வீட்டுக்காரர் இடுப்பில் சாரத்தைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவர் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். படத்தை வாங்கிப் பார்த்தார்.

“மாமாதான்” என்றார். “நான் பொண்ணு பாக்க வந்தப்பவும் கொடை அவரு முதுகுலதான் தொங்குச்சு. நான் இவருக்கு ஏதோ கோளாறு போலன்னு நெனச்சேன்.” பகிடி பேசுகிறவர், அன்று சிரிக்காமல்தான் சொன்னார்.

அக்கா அம்மாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டிலில் வைத்தார். அம்மா முழங்காலோடு நின்றார்.

“அம்மா செத்தப்ப சட்டம் போடக் குடுத்தேன். நெழல் இருக்குன்னு நான்தான் கீழ வெட்டச் சொன்னேன்” என்றார். “வெட்டின துண்டு என்னாச்சுன்னு தெரியல.”

நாத்தனார் கட்டிலுக்குக் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னார்.

“சரி அண்ணி. இருக்கட்டும். மேல அந்தச் செருப்புக் கால மட்டும் வெட்டிட்டா நல்லா இருக்கும். யாரு காலு அது?”

“நாட்டுப் பக்கத்துக் கடைக்கார நோனா” என்றேன்.

“வெட்டிரலாம் அண்ணி.”

“வேணாம்” என்றார் அக்கா. “வெட்டினது போதும்.”

பால் காய்ச்சுகிற அன்று வரச் சொன்னார். போனேன். புது வீட்டுக்குள் சுண்ணாம்பு வாசம் போகவில்லை. பால் பொங்கியது. சுவரில் அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மாலை. வந்த சனம் பார்த்தது. யார் என்று ஒருவர் கேட்டார். “எங்கப்பா” என்றார் அக்கா. கேட்டவர் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, “கொட இருக்கே. ஆமா, அவருதான்” என்றார். வயதானவர்கள் இரண்டு மூன்று பேர் போய்ப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. நெழல் படம் ஆகாதே என்று ஒருவர் முணுமுணுத்தார். நாத்தனார்தான் அவரை ஏசினார்.

“பொண்ணு மாப்பிள்ள மேல விழுந்தாத்தான் ஆகாது. இது தனி நெழலு. போய்ச் சோத்தத் தின்னுங்க.”

சாப்பிட்டு முடிந்ததும் அக்கா கேமராவை எடுத்து வந்தார். மாலை இல்லை. சந்தனம் மட்டும் அப்படியே இருந்தது.

“பொட்டத் தொடச்சுத் தரவா தம்பி?”

“வேணாங்க அக்கா. நான் பாத்துக்கிறேன்.”

என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளுக்குச் சோறு போடப் போய்விட்டார். திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அவருக்கு நிறைய வேலை இருந்தது.

கொழும்பு ஐயா இன்னும் போன் எடுத்துக் கேட்கிறார். விற்கிறதில்லை என்று சொல்லிவிட்டேன். சந்தனத்தை ஈரத் துணியால் ஊற வைத்துத்தான் எடுத்தேன். கம்பெனிப் பெயர் முழுசாகத் தெரிகிறது. எனக்கு அதை வாசிக்க வராது.

அலுமாரியில் வைக்கும்போது என் மனைவி நின்று பார்த்தாள். கதை முழுக்க அவளுக்குத் தெரியும்.

“பூ ஏதும் வைக்கணுமா இதுக்கு?” என்று கேட்டாள்.

“வேணாம்” என்றேன். “இப்ப இது கேமராதான்.”